"யோசனை ஜாஸ்தியா இருக்கு": ஒரு மரபெஞ்ச்சின் வரலாறு

1/ "தூக்கமே வரல சார். உடம்பெல்லாம் வலி. ஏதேதோ யோசனை." ஓபியில் தினமும் கேட்கும் வரி இது. டெஸ்ட் எல்லாம் நார்மலா இருக்கும். "எனக்கு டிப்ரெஷன்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் ரொம்பக் குறைவு. ஆப்பிரிக்காவில் உள்ள ஜிம்பாப்வேயிலும் இதே கதைதான்.

2/ அங்கே ஷோனா மொழியில் மக்கள் சொல்லும் வார்த்தை 'குஃபுங்கிசிசா'. அதாவது, அளவுக்கு மீறி யோசிப்பது. 1990களில் தலைநகர் ஹராரேயில் பணியாற்றிய நம் நாட்டு மனநல மருத்துவர் விக்ரம் படேல், அங்குள்ளவர்களோடு சேர்ந்து மக்களின் சொற்களை வைத்தே 14 கேள்விகள் தயாரித்தார். ஆமாம், இல்லைன்னு சொன்னா போதும்.

3/ 2005. ஹராரேயில் டாக்டர் டிக்சன் சிபாண்டாவிடம் சிகிச்சை பெற்ற ஓர் இளம்பெண் தற்கொலையால் இறந்துபோனார். ஆஸ்பத்திரிக்கு வர பஸ் காசு இல்லை. நாட்டில் மனநல மருத்துவர்களோ விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

4/ 2006இல் ம்பாரே பகுதியில் அவருக்குக் கிடைத்தது 14 பாட்டிகள். கிளினிக்குள் இடமில்லை, வெளியே ஒரு மரபெஞ்ச். முதலில் வைத்த பெயர் 'மனநல பெஞ்ச்'. யாரும் உட்காரல. பாட்டிகள் சொல்லித்தான் 'நட்பு பெஞ்ச்' ஆனது.

5/ பாட்டி அந்த 14 கேள்விகளைக் கேட்பார். பிறகு காது கொடுத்துக் கேட்பார். இருக்கும் பிரச்சினைகளில் ஒன்றை வந்தவரே தேர்ந்தெடுக்கணும். தீர்க்கும் வழியையும் அவரே கண்டுபிடிக்கணும். பாட்டி கூட இருப்பார். ஆபத்தான நிலை என்றால் மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்.

6/ பலன்? 573 பேரிடம் நடந்த ஆய்வு 2016இல் 'ஜாமா' இதழில் வந்தது. 6 மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 50% பேருக்கு மனச்சோர்வு இருந்தது. பெஞ்ச்சில் உட்கார்ந்தவர்களில் சுமார் 14%.

7/ நாம் கவனிக்க வேண்டியது: 2 வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்கள், மனசு சோர்ந்தே இருக்கா? பிடிச்ச விஷயத்திலும் நாட்டம் போயிடுச்சா? கூடவே தூக்கம், பசி, கவனம் மாறியிருக்கா? அப்படின்னா டாக்டரைப் பாருங்க. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கு. டெலி மானஸ் எண் 14416: இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். சாகணும்னு எண்ணம் வந்தா காத்திருக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்க.

8/ வீட்டில் யாராவது "யோசனையா இருக்கு" என்றால், "சும்மா இரு, எல்லாம் சரியாயிடும்" என்று முடிச்சிடாதீங்க. "என்ன யோசனை?" என்று கேளுங்க. பாட்டிகள் ஆரம்பித்ததும் அங்கிருந்துதான்.