பள்ளி வாயிலும் பெற்றோர் அவையும்

பிள்ளையின் நாள் இரண்டு இடங்களில் கழிகிறது. ஒன்று வீடு, மற்றொன்று பள்ளி. வீட்டில் பெற்றோருக்கு அதிகாரம் உண்டு. பள்ளியில் ஆசிரியருக்கு அதிகாரம் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள பாதையில் யாருக்கு அதிகாரம்? இக்கேள்விக்கு விடை தேடிய வரலாறே பெற்றோர் சங்கங்களின் வரலாறு. சொந்த மாநிலத்தை விட்டு வந்து வாழும் நம்மைப் போன்றோருக்கு இவ்வரலாறு வெறும் பழங்கதை அன்று. ஊரும் உறவும் தொலைவில் இருக்க, அயல்மொழி பேசும் நகரில் நம் பிள்ளைக்காகப் பேசும் வாய்ப்புள்ள இடங்களில் முதன்மையானது பள்ளியே ஆகும்.

புனே நகரின் கிழக்குப் பகுதியில் உள்ள கோர்படியை எடுத்துக்கொள்வோம். 1817ஆம் ஆண்டில் கட்கிப் போரில் பேஷ்வாவின் படை தோல்வியுற்ற பின்னர், ஆங்கிலேயர் இந்நகரை ஒட்டிப் பெரும் படைவீடுகளை அமைத்தனர். 1858இல் புகைவண்டி புனேயை எட்டிற்று. 1871இல் சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதையும் பம்பாயிலிருந்து வந்த இருப்புப்பாதையும் ராய்ச்சூரில் ஒன்றுகூடின. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்பு நாடி வருவோருக்கு அன்று முதல் வழி எளிதாயிற்று. மிரஜ் செல்லும் பாதை பிரியும் இடம் கோர்படி. படைவீடும் இருப்புப்பாதையும் அருகருகே அமைந்த இத்தகைய இடங்களில் இராணுவத்திலும் இரயில்வேயிலும் பணிபுரிந்த பல மாநிலத்தார் கூடி வாழ்ந்தனர். தமிழரும் அவர்களுள் இருந்தனர்.

இந்நகரில் கத்தோலிக்கரின் வரலாறு ஆங்கிலேயர் ஆட்சிக்கும் முற்பட்டது. தம் படையில் பணிபுரிந்த கிறிஸ்தவ வீரர்களின் வழிபாட்டுக்காக பேஷ்வா சவாய் மாதவராவ் நிலம் வழங்கினார். அங்கே 1792இல் ஆலயம் எழுந்தது. இந்து மன்னர் ஒருவரின் கொடையால் எழுந்த கோயில் அது என்பதை நாம் மறத்தலாகாது. பின்னர் 1867இல் செயின்ட் வின்சென்ட் பள்ளி தோன்றிற்று. 1886இல் புனே தனி மறைமாவட்டமாயிற்று. 1955இல் இலங்கையின் கண்டி நகரிலிருந்து பாப்பரசர் குருமடம் இங்கே இடம் மாறி வந்தது. மதுரையில் தமிழ் கற்றுத் தமிழ் உரைநடைக்குத் தொண்டு செய்த இராபர்ட் டி நொபிலியின் பெயரைத் தாங்கிய கல்விக்கூடம் ஒன்றும் இந்நகரில் உண்டு என்பது தமிழருக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

முற்காலப் பள்ளிகளில் பெற்றோரின் பங்கு மிகச் சிறியது. பிள்ளையைக் கொண்டுவந்து சேர்ப்பதும் கட்டணம் செலுத்துவதும் அவர்கள் கடமை. எஞ்சியவை யாவும் துறவியரின் பொறுப்பு. இந்நிலை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. உலகின் பல நாடுகளிலும் பெற்றோர் பள்ளியின் வாயிற்படியிலேயே நின்றனர். 1897ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வாஷிங்டன் நகரில் அன்னையர் பேராயம் ஒன்று கூடிற்று. ஆலிஸ் பர்னி, ஃபீபி ஹர்ஸ்ட் என்னும் இரு பெண்மணிகள் அதனைக் கூட்டினர். பெற்றோரும் ஆசிரியரும் ஓரவையில் அமர்ந்து பேசும் வழக்கம் அமெரிக்க நாட்டில் வேரூன்ற அப்பேராயமே வித்திட்டது.

நம் நாட்டில் பெற்றோரின் குரல் பள்ளிக்கு எத்துணை வலிமை தரும் என்பதை 1954ஆம் ஆண்டு வழக்கொன்று எடுத்துக்காட்டிற்று. அவ்வாண்டு ஜனவரி 6ஆம் நாள் அன்றைய பம்பாய் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகளில் ஆங்கிலோ இந்தியரும் ஆசிய வழியினர் அல்லாதாரும் தவிர ஏனையோரைச் சேர்த்தலாகாது என்பது அதன் சாரம். புனேயும் அப்பொழுது பம்பாய் மாநிலத்தைச் சேர்ந்ததே. நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பார்ன்ஸ் உயர்நிலைப் பள்ளியை நடத்திய சங்கம் நீதிமன்றத்தை நாடிற்று. அது கத்தோலிக்கப் பள்ளி அன்று. ஆயினும் ஆணை எல்லாச் சிறுபான்மைப் பள்ளிகளையும் தொட்டது. அச்சங்கம் தனியே செல்லவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. இந்தியக் கிறிஸ்தவரான இராணுவ மேஜர் ஒருவர் தம் மகளுக்காகவும், குஜராத்தி பேசும் இந்து மருத்துவர் ஒருவர் தம் மகனுக்காகவும் வழக்குத் தொடுத்தனர். ஆணை செல்லாது என உயர் நீதிமன்றம் கூறியது. அவ்வாண்டு மே 26ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. மதத்தாலும் மொழியாலும் வேறுபட்ட பெற்றோர் இருவரையும் பிள்ளையின் கல்வி என்னும் ஒரே கவலை ஒன்றுசேர்த்தது.

கத்தோலிக்கத் திருச்சபையின் போதனையும் இக்காலத்தை ஒட்டித் தெளிவு பெற்றது. பிள்ளைகளின் முதல் ஆசிரியர் பெற்றோரே என்னும் கருத்து அங்கே பழமையானது. 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கல்வி அறிக்கை அக்கருத்தை வலியுறுத்தியதோடு, பெற்றோர் சங்கங்களுக்கும் ஊக்கம் அளித்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 796ஆம் விதி மேலும் ஒரு படி சென்றது. ஆசிரியர் பெற்றோரோடு நெருங்கி ஒத்துழைக்க வேண்டும். பெற்றோர் சங்கங்களோ கூட்டங்களோ நிறுவப்பட வேண்டும். அவை உயர்வாக மதிக்கப்பட வேண்டும் என்பது அதன் கருத்து. சட்ட வாசகங்களை நாள்தோறும் மொழிபெயர்த்துப் பழகிய நமக்கு இந்த இறுதிச் சொல் வியப்பூட்டுகிறது. ஒரு சங்கத்தை நிறுவுக என்று சட்டம் கூறுவது இயல்பு. அதனை மதித்திடுக என்று கூறுவது அரிது. நிறுவிய பின் மதியாமற்போவது மனித இயல்பு என்பதை அச்சட்டத்தை எழுதியோர் அறிந்திருந்தனர் போலும்!

தமிழ்நாட்டில் இம்முயற்சி வேறொரு வழியில் வளர்ந்தது. காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் விளங்கிய காலத்தில், 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடைபெற்றன. ஊரார் தம் பள்ளிக்குக் கட்டடமும் பலகையும் உடையும் உணவும் வழங்கினர். பள்ளி எங்களுடையது என்னும் எண்ணம் பெற்றோர் நெஞ்சில் பிறந்தது. இன்றும் அங்கே பெற்றோர் ஆசிரியர் கழகம் என்னும் பெயர் எல்லாருக்கும் பழக்கமானது.

நாம் வாழும் மகாராஷ்டிரத்திலோ இது சட்டத்தின் வடிவம் பெற்றுள்ளது. 2011இல் சட்டமன்றம் இயற்றி 2014இல் நடைமுறைக்கு வந்த கல்விக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம், தனியார் பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் அதன் செயற்குழுவையும் கட்டாயமாக்கிற்று. தலைமையாசிரியர் குழுவின் தலைவர்; பெற்றோர் ஒருவர் துணைத்தலைவர். கட்டணத்தை உயர்த்த விரும்பும் பள்ளி இக்குழுவின் ஒப்புதலைக் கோர வேண்டும். உறுப்பினருள் பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். விருப்பம் தெரிவித்த பெற்றோருள் இன்னார் உறுப்பினர் என்பதைக் குலுக்கல் முறை முடிவு செய்கிறது.

குலுக்கல் என்றவுடன் தமிழர் நெஞ்சில் உத்தரமேரூர் தோன்றாமல் இராது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. முப்பது குடும்புகளிலிருந்து பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஆனால் அங்கே நிலமும் சொந்த மனையும் கல்வியும் உடையாருக்கே ஓலையில் இடமிருந்தது, பெண்களுக்கு இடமில்லை. இன்று கோர்படியில் வாடகை வீட்டில் வாழும் தாய், கல்லூரி வாயிலைக் கண்டறியாதவளாயினும், தன் பெயரைக் குலுக்கலுக்குக் கொடுக்கலாம். ஆயிரத்து நூறு ஆண்டுகளில் நாம் கடந்து வந்த தொலைவு இது.

இங்கே ஒரு சிக்கலையும் கூறுதல் வேண்டும். அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு, சிறுபான்மையோர் தம் கல்விச்சாலைகளை நிறுவி நிருவகிக்கும் உரிமையைக் காக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் நான்கில் மூன்று பங்கு பெற்றோரைக் கொண்ட மேலாண்மைக் குழுவை வகுத்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சிறுபான்மைப் பள்ளிகளில் அக்குழுவை ஆலோசனை கூறும் அளவில் நிறுத்தியது. 2014இல் உச்ச நீதிமன்றம் அப்பள்ளிகளுக்கு அச்சட்டமே பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. நிருவாகத்தின் உரிமையும் பெற்றோரின் குரலும் ஒன்றோடொன்று மோதுவனவோ? நாம் அவ்வாறு எண்ணவில்லை. சிறுபான்மையின் உரிமை என்பது இறுதியில் அச்சமுதாயத்துத் தாய்தந்தையரின் உரிமையே அல்லவா? 1954இல் பள்ளியைக் காக்க முன்வந்தோர் பெற்றோர். அவர்களைப் பணம் திரட்டும் வேளையில் மட்டும் அழைத்து, முடிவெடுக்கும் வேளையில் மறந்துவிடும் பள்ளி, இடர் வரும் நாளில் தன் துணைவரைத் தேடி அலையும்.

நேயர்களே, சட்டம் நாற்காலியைத் தரும். அதில் அமர்ந்து பேசும் துணிவைத் தராது. பெற்றோர் கூட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மராத்தியிலோ நடைபெறுகின்றன. தமிழ் மட்டும் அறிந்த தாய் பின்வரிசையில் அமர்ந்து, புரிந்ததுபோல் தலையசைத்து எழுந்து செல்கிறாள். அவள் பிள்ளை கணக்கில் பின்தங்கியது ஏன் என்பது அவளுக்கே தெரியும். ஆயினும் அச்செய்தி ஆசிரியர் காதுக்கு எட்டுவதில்லை. இருமொழி அறிந்தவர் ஒருவர் அவளருகே அமர்ந்தால் இக்குறை நீங்கும். இது செலவில்லாத தொண்டு.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். 1956இல் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்துதர முயல வேண்டும் என மாநிலங்களைப் பணிக்கிறது. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் மராத்தி இம்மாநிலப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாயிற்று. நம் பிள்ளைகள் மராத்தியை நன்கு கற்கட்டும். சோறிடும் மண்ணின் மொழி அது. அதனோடு, பள்ளி நேரத்துக்குப் பின் வாரம் ஒரு மணி தமிழ் கற்பிக்க ஓர் அறை வேண்டும் என்று கேட்பதும் முறையே. தனியொருவர் கேட்டால் அது விண்ணப்பம். சங்கத்தின் வழியாகப் பலர் சேர்ந்து கேட்டால் அது தீர்மானம். வரும் கல்வியாண்டின் தொடக்கத்தில் உறுப்பினராக விருப்பமுள்ளோர் யார் எனப் பள்ளி கேட்கும்பொழுது, தமிழ்ப் பெற்றோரின் பெயர்களும் அச்சீட்டுகளுள் இருப்பனவாகுக.