பீகிள் நாய்களும் எங்கட கோழி எலும்பும்

உணவகங்களில் 'மாரடைப்பு' என்று நம்பப்பட்ட சாவுகள் சில, உண்மையில் தொண்டையில் இறைச்சி அடைத்து வந்தவை என்று 1963இல் ஹாகன் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். பதினொரு வருஷம் கழிச்சு, சின்சினாட்டியில் ஹென்றி ஹைம்லிக் பீகிள் நாய்களை மயக்கி, மூச்சுக்குழாயை வேணுமெண்டே அடைத்துப் பார்த்தார். நெஞ்சுக்கூட்டை அமுக்கியதில் பெரிய பலனில்லை. விலாவுக்குக் கீழே மேல்நோக்கி அமுக்க, அடைப்பு தெறிச்சு வெளியே வந்தது. 1974 ஜூனில் கட்டுரை வெளியானது. மனிதருக்கான முதலுதவியாக உலகமே அதைப் படித்தது. நாய்களை ஆர் நினைச்சது?

யாழ்ப்பாணத்தில் நாங்களோ பொமேரியனுக்குக் கோழி எலும்பைப் போட்டுவிட்டு, அது இருமினால் பதறுறம். இருமுதெண்டால் காற்றுப் போய்வருது, இரும விடுவம். தாரா கத்துற மாதிரி அடிக்கடி இருமினால் மூச்சுக்குழாய் தளர்ந்திருக்கலாம், சின்ன இனங்களுக்கு வாற வருத்தம் அது. கழுத்துப்பட்டியைக் கழற்றிவிட்டு மிருக வைத்தியரிட்டக் காட்டவேணும்.

சத்தமே வராமல், வாயைப் பிறாண்டி, முரசு நீலம் பாரித்தால் அடைப்புத்தான். வாயைத் திறந்து, கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுக்கலாம். விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போகும். எடுபடாவிட்டால், அதின்ர முதுகை எங்கட நெஞ்சோடு அணைச்சு, விலா முடியும் இடத்துக்குக் கீழே உள்ளும் மேலுமாய் வெடுக்கென்று அமுக்கவேணும். பீகிளுக்குச் செய்த அதே அமுக்குத்தான், சின்ன உடம்புக்கு அளவான பலத்தோடு. எலும்பு வெளியே விழுந்தாலும் வைத்தியரிட்டக் கொண்டுபோகவேணும். உள்ளுக்குள் காயம் இருக்கலாம்.