வேர்க்கடலை ஒவ்வாமை: ‘கொஞ்சம்தானே’ என்று ஊட்டாதீர்கள்!



வேர்க்கடலை அல்லாஹ் அளித்த ஹலாலான, சத்தான உணவு. சட்னி, பொடி, கடலை உருண்டை என நம் காஞ்சிபுரத்து வீடுகளில் அன்றாடம் புழங்குவது. ஆனால் சிலருடைய உடலுக்கு அதுவே ஆபத்தாகிவிடுகிறது.

உடலில் என்ன நடக்கிறது?

கிருமிகளை எதிர்க்க அல்லாஹ் நம் உடலில் எதிர்ப்புச் சக்தியை வைத்துள்ளான். ஒவ்வாமை உள்ளவர்களிடம் அது கடலையின் புரதத்தை எதிரியாக எண்ணி, ஐஜிஇ என்னும் எதிர்ப்புப் பொருளை உண்டாக்குகிறது. பிறகு கடலை உள்ளே போனதும் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருட்கள் வெளியாகின்றன. பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அரிப்பு, தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி வரும். கடுமையானால் தொண்டை வீங்கி மூச்சுத் திணறும். இரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். இதற்கு அனஃபிலாக்ஸிஸ் என்று பெயர். சென்ற முறை லேசாக வந்தது என்பதால் அடுத்த முறையும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

உடனே செய்ய வேண்டியது

108-ஐ அழையுங்கள். நடக்க விடாமல் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வையுங்கள். தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசியே முதல் மருந்து. அலர்ஜி மாத்திரை அதற்கு ஈடாகாது. துஆ செய்வோம், ஓதிப் பார்ப்போம். ஆனால் அதற்காக ஊசியைத் தாமதப்படுத்த வேண்டாம். மருத்துவம் செய்வது தவக்குலுக்கு முரணானதல்ல.

கவனிக்க வேண்டியவை

பாக்கெட் உணவுகளில் வேர்க்கடலை இருந்தால் குறிப்பிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதி. படித்துப் பார்த்து வாங்குங்கள். செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில் புரதம் தங்கியிருக்கக்கூடும். கடலை மாவும் பொட்டுக்கடலையும் வேறு வகை; ஆனாலும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயந்து எல்லாக் குழந்தைகளுக்கும் கடலையை நிறுத்திவிடவும் கூடாது. லண்டனில் 640 குழந்தைகளிடம் நடத்தி 2015-இல் வெளியான ஆய்வில், ஒரு வயதுக்குள்ளேயே கடலை உணவு கொடுக்கத் தொடங்கியவர்களிடம் இந்த ஒவ்வாமை சுமார் 80 சதவீதம் குறைந்தது. முழுக் கடலை தொண்டையில் அடைக்கும். குழைத்தே கொடுக்க வேண்டும். கடும் கரப்பான் அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்ட பிறகே கொடுங்கள்.

வலீமாவிலோ பெருநாள் விருந்திலோ ஒரு பிள்ளை ‘வேண்டாம்’ என்றால் வற்புறுத்தாதீர்கள். சமையலில் என்ன சேர்த்திருக்கிறது என்று தாய் கேட்டால் குறையாக நினைக்காமல் சொல்லுங்கள். விருந்தாளியின் உயிரைக் காப்பதும் விருந்தோம்பல்தான்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு நிறைவான ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.