வயிற்றுப் புண்ணும் வளையும் குழாயும்

"வகுத்துப் புண்ணா? உறைப்பக் கொறைங்க, யோசனையக் கொறைங்க." நம் வீடுகளில் மூத்தவர்கள் சொல்லிவரும் புத்திமதி இது. வைத்திய நூல்களும் நீண்ட காலம் ஏறக்குறைய இதனையே சொல்லிவந்தன. மன அழுத்தமும் உணவும் மிகை அமிலமும்தான் காரணங்கள். அமிலம் நிறைந்த இரைப்பையில் கிருமி வாழாது என்பது பொதுவான நம்பிக்கை. அந்த நம்பிக்கை உடைந்த வரலாற்றைத் தேடி வாசித்தபோது, கிருமியின் கதைக்கு முன்னால் ஒரு குழாயின் கதை இருப்பதைக் கண்டேன்.

1868இல் ஜேர்மனியின் பிரைபேர்க் நகரில் அடொல்ப் குஸ்மவுல் என்ற வைத்தியர், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் இரைப்பைக்குள் நேரான குழாயொன்றைச் செலுத்தினார். குழாய் போனது, வெளிச்சம் போதவில்லை. 1932இல் ருடோல்ப் ஷிண்ட்லர் ஓரளவு வளையும் கருவியைக் கொண்டுவந்தார். 1954இல் ஹொப்கின்ஸும், பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் கண்ணாடி இழைக் கட்டு வழியாக உருவத்தைக் கடத்தலாம் என எழுதினர். அதனைப் பின்பற்றி அமெரிக்காவில் பசில் ஹிர்ஷோவிட்ஸ் நன்கு வளையும் குழாயை உருவாக்கி, 1957இல் முதலில் தானே விழுங்கிப் பார்த்தார். இன்று "கமெரா விட்டுப் பாக்கிற" என்று நாம் சொல்வதன் தொடக்கம் அதுதான்.

இக்கருவி பார்வையை மட்டும் தரவில்லை. உயிரோடிருப்பவரின் இரைப்பையிலிருந்து சிறு இழையத்தைக் கிள்ளியெடுக்கவும் வழி செய்தது. மையித்தின் இரைப்பையில் உட்சவ்வு விரைவில் சிதைந்துவிடும். அதில் நுண்ணிய தடயங்களைத் தேடுவது கடினம்.

ஆனால், இழையம் கிடைத்தால் மட்டும் போதாது. 1954இல் பாமர் என்ற அமெரிக்க வைத்தியர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் இழையங்களை ஆராய்ந்து, பற்றீரியா இல்லை என்றார். 1979இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வொரன், நுணுக்குக்காட்டியில் வளைந்த பற்றீரியாக்களைக் கண்டார். வெள்ளிச் சாயமிட்டபோது அவை தெளிவாகத் தெரிந்தன. 1981இல் இளம் வைத்தியர் பரி மார்ஷல் அவருடன் சேர்ந்தார். நூறு நோயாளிகளின் இழையங்களை ஆராய்ந்தனர். வழமையாக இரண்டு நாளில் வீசப்படும் வளர்ப்புத் தட்டு, 1982 ஈஸ்டர் விடுமுறையில் கூடுதல் நாட்கள் கிடந்தது. அதில்தான் கிருமி முதன்முதலாக வளர்ந்தது. அதற்கு இன்றுள்ள பெயர் ஹெலிகோபக்டர் பைலோரி.

முன்சிறுகுடற்புண் இருந்த 13 பேரிடமும் அக்கிருமி இருந்ததாக 1984இல் லான்செட் இதழில் எழுதினர். அப்போதும் பலர் நம்பவில்லை. மார்ஷல் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாட்களில் அவரது இரைப்பை அழற்சியுற்றதைக் குழாய்ச் சோதனை காட்டியது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் என்னைத் தைப்பது ஒன்றுதான். பழைய கருத்து பிழையாக இருந்தது மட்டுமல்ல, அது நோயாளி மீது பழியும் போட்டது. "யோசிச்சு யோசிச்சுத் தேடிக்கிட்ட வருத்தம்" என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டே எத்தனை பேர் இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டிக்கொடுத்திருப்பார்கள்! இன்று பலருக்கு அமிலம் குறைக்கும் மருந்தும் அன்டிபயோட்டிக்கும் சேர்ந்த ஓரிரு வாரச் சிகிச்சையே போதுமாகிறது. கிருமி இருக்கும் எல்லோருக்கும் புண் வருவதில்லை. சில வலிநிவாரணிகளாலும் புண் வரும். ஆகவே சோதித்துத்தான் சொல்லவேண்டும்.

நூல்கள் திருந்திவிட்டன. திருந்தவேண்டியது நம் பேச்சுத்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருபவரிடம் "என்ன யோசிச்சீங்க?" என்று கேட்க முன்னர், "டொக்டர்ட காட்டினீங்களா?" என்று கேட்போம்.