பட்டை ரம்பத்தின் வழிகாட்டிகள்

பட்டை ரம்பத்தின் அலகு பக்கவாட்டில் நெளியாமலும், மரம் தள்ளும்போது பின்வாங்காமலும் தாங்கி நிற்கும் கட்டைகளும் உருளைகளும் வழிகாட்டிகள் எனப்படும். மர அறுவை மில்களில் இவை கைடு என்றே வழங்குகின்றன. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரை ஒட்டிய ஏலமலைச் சரிவுகளில் காப்பித் தோட்டங்களுக்கு நிழல்மரமாக வளர்க்கப்படும் சில்வர் ஓக், அடிவாரத் தோப்புகளின் மா போன்றவை பச்சை மரமாக அறுபடும்போது, பிசினும் மரத்தூளும் குழைந்து கைடின் முகத்தில் இறுகிவிடுவதால், அவற்றைச் சுரண்டித் துடைப்பதே பராமரிப்பின் முதல் வேலையாகும்.

மின் இணைப்பைத் துண்டித்து, அலகின் இழுவிசையையும் சக்கரத்தின்மேல் அது ஓடும் தடத்தையும் சீராக்கிய பின்னரே கைடுகளைத் தொட வேண்டும். இவ்வரிசை மாறினால் செய்த வேலை முழுவதும் வீணாகும். பக்கக் கட்டைக்கும் அலகுக்கும் இடையே ஒரு தாளின் கனமளவே இடைவெளி விட்டு, கட்டையின் முன்விளிம்பு பற்களின் அடிக்குழிக்குச் சற்றுப் பின்னால் நிற்குமாறு திருகை முடுக்குவது முறை. ஏனெனில் இரும்புக் கட்டை பல்லில் உரசினால், இருபுறமும் மாறிமாறி வளைத்து வைத்த பல்விரிவு குலைந்து, அறுப்பு ஒருபக்கமாக இழுக்கும். பின்னால் உள்ள உருளை, ரம்பம் வெறுமனே ஓடும்போது அசையாதிருந்து, மரம் அழுத்தியதும் சுழலத் தொடங்க வேண்டும். மேல் கைடை மரத்தருகே இறக்காது அறுப்பது, வெட்டையும் கெடுத்து ஆளின் கையையும் ஆபத்துக்குள்ளாக்கும் கவனக்குறைவாகும்.