ஒரு ஊசி மருந்துக்கு இரண்டு பெயர்



2022 ஐ நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். வாட்டில் கிடந்த நம்மவர்களுக்கு ஏற்ற வேண்டிய அன்டிபயோட்டிக் ஊசி கையிருப்பில் இல்லை என்று துண்டு எழுதித் தந்தார்கள். அந்தத் துண்டோடு பாமசி பாமசியாக அலைந்தோம். ஒரு கடையில் ஒரு விலை, அடுத்த கடையில் வேறு கம்பனி, வேறு விலை. மலிவானது வேலை செய்யுமோ என்ற பயத்தில் கடன்பட்டு விலை கூடியதை வாங்கியவர்கள் நம்மில் பலர்.

ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு பொதுப்பெயர் உண்டு. செப்ட்ரியாக்சோன் என்பது அப்படியொரு பெயர். அதை 1980களில் சந்தைக்குக் கொண்டுவந்த ரோச் கம்பனி வைத்த வர்த்தகப் பெயர் ரொசெஃபின். காப்புரிமைக் காலம் முடிந்ததும் யாரும் அதைச் செய்யலாம், விலையும் இறங்கும். இந்தியாவின் 1970 காப்புரிமைச் சட்டம் மருந்துக்கு உரிமை கொடுக்காமல் செய்முறைக்கு மட்டுமே கொடுத்தது. 2005 வரை நீடித்த அந்த ஏற்பாட்டில்தான் அங்கே மலிவு மருந்துத் தொழில் வளர்ந்தது. அதன் பயன் நமக்கும் வந்தது.

ஆனால் இந்தச் சிந்தனை நமக்கு வெளியிலிருந்து வந்ததல்ல. பேராசிரியர் சேனக பிபிலே, வைத்தியர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து 1971 இல் ஓர் அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டு அரச மருந்துக் கூட்டுத்தாபனம் உருவானது. பிபிலேயே அதன் முதல் தலைவர். நாட்டில் புழங்கிய சுமார் 2,100 மருந்துகளை 600 அளவுக்குக் குறைத்தார்கள். பொதுப்பெயரில், உலகளவில் கேள்விப்பத்திரம் கோரி, மொத்தமாக வாங்கினார்கள். ஒரே மருந்து பல மடங்கு குறைந்த விலைக்குக் கிடைத்தது.

எதிர்ப்பும் வந்தது. 1974 இல் கொலரா பரவியபோது, கூட்டுத்தாபனம் மலிவாகத் தருவித்த மூலப்பொருளில் டெட்ராசைக்கிளின் கப்சூல் செய்து தர ஒரு பன்னாட்டுக் கம்பனி மறுத்தது. அவசரத்துக்கு அமெரிக்காவிலிருந்து அதிக விலைக்கு விமானத்தில் கொண்டுவர வேண்டியதாயிற்று.

1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது, தனியார் இறக்குமதியும் திரும்பியது. அதே ஆண்டு செப்டெம்பரில் பிபிலே கயானாவில் காலமானார். உலக சுகாதார நிறுவனம் தனது முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அந்த ஆண்டில்தான். பென்சிலின், ஜென்டாமைசின் போன்ற ஊசி மருந்துகள் அதில் பொதுப்பெயரிலேயே இருந்தன.

1987 இல் ரத்மலானையில் அரச மருந்து உற்பத்தி தொடங்கியது. ஆனாலும் அங்கே பெரும்பாலும் செய்யப்பட்டவை மாத்திரையும் கப்சூலும்தான். ஊசி அன்டிபயோட்டிக்குகளுக்கு வெளிநாட்டையே நம்பியிருந்தோம். 2022 இல் டொலர் தீர்ந்ததும் குப்பிகளும் தீர்ந்தன.

மலிவு என்பதற்காக எதையும் ஏற்கலாம் என்றில்லை. மாத்திரை வயிற்றுக்குப் போகிறது, ஊசி நேரே இரத்தத்துக்குப் போகிறது. அதில் கிருமியோ அழுக்கோ இருந்தால் உயிருக்கே ஆபத்து. 2023 இல் வெளிவந்த தரமற்ற இம்யூனோகுளோபியுலின் ஊசி விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைதானார். ஆக, விலையைப் பார்த்து மட்டும் தரத்தைச் சொல்ல முடியாது. பதிவும் பரிசோதனையும்தான் அதைச் சொல்லும். 2015 இன் 5 ஆம் இலக்கச் சட்டத்தில் தேசிய ஒளடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை உருவானது இதற்காகத்தான்.

இனித் துண்டு கையில் வந்தால், பொதுப்பெயரையும் எழுதித் தரும்படி டொக்டரிடம் மரியாதையாகக் கேட்போம். ஒசுசலவில் விலை விசாரிப்போம். குப்பியின் திகதியையும் மூடியையும் பார்ப்போம். வேறு கம்பனியின் மருந்து கிடைத்தால் டொக்டரிடம் காட்டாமல் ஏற்ற விடமாட்டோம். ஊர்ப் பணத்தில் மருந்து வாங்கிக் கொடுப்போரும் இதைக் கவனித்தால், ஒரு நோயாளிக்குச் சேர்த்த காசு இரண்டு பேருக்கு உதவும்.

1970களில் மருந்து வாங்கிய அனுபவம் நம் வாப்பாமார், உம்மாமாருக்கு இருக்கும். அவர்களிடம் கேட்டு இங்கே எழுதுங்கள்.