நந்தவனமும் நந்தியாவட்டையும்

திருமலையில் பக்தர்கள் பூச்சூடுவதில்லை. வரதய்யபாளையம், சத்தியவேடு பக்கத்திலிருந்து போகிற பெண்களும் கொண்டையில் வைத்த சரத்தை மலையடிவாரத்து அலிபிரியிலேயே எடுத்துவிடுகிறார்கள். மலையில் உள்ள பூவெல்லாம் பெருமாளுக்கே என்பது அங்கே பழைய வழக்கம். வைணவர்கள் ஸ்ரீரங்கத்தைப் போக மண்டபம் என்றும் காஞ்சியைத் தியாக மண்டபம் என்றும் சொல்வார்கள். திருமலை அவர்களுக்குப் புஷ்ப மண்டபம்.

அந்தப் பெயருக்கு உழைப்பால் பொருள் தந்தவர் அனந்தாழ்வான். இன்றைய கர்நாடகத்தின் சிறுபுத்தூரில் பிறந்தவர். 11, 12ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ராமானுஜரின் சீடர். திருவரங்கத்தில் திருவாய்மொழிக்கு உரை சொல்லிக்கொண்டிருந்த ராமானுஜர், வேங்கட மலையில் தங்கி நந்தவனம் அமைத்துப் பூத்தொண்டு செய்ய யார் போவீர்கள் என்று கேட்டாராம். அந்நாளில் அது குளிரும் காடுமான மலை. எல்லோரும் தயங்க, அனந்தன் எழுந்தார். நீயே ஆண்பிள்ளை என்று குரு பாராட்டியதால் அனந்தாண்பிள்ளை என்ற பெயரும் அவருக்கு நிலைத்தது.

மலைக்குப் போனவர் முதலில் செடி நடவில்லை, ஏரி வெட்டினார். அவர் கடப்பாரையால் மண்ணை வெட்டிப் போட, கருவுற்றிருந்த மனைவி கூடையில் சுமந்து கொட்டினார். உதவ வந்த சிறுவனை, தொண்டில் பங்கு கேட்கிறானே என்ற கோபத்தில் கடப்பாரையால் அடித்ததும், காயம் பெருமாளின் மோவாயில் தெரிந்ததும், அங்கே இன்றும் பச்சைக் கற்பூரம் சாத்துவதும் எல்லோரும் சொல்லும் கதை. அந்தக் கடப்பாரை கோயில் வாசலான மகாதுவாரத்துச் சுவரில் தொங்குகிறது. கதையின் உருக்கத்தில் ஏரி மறைந்துவிடக் கூடாது. தண்ணீருக்கு வழி செய்துவிட்டுத்தான் அவர் பூவுக்கு வந்தார். ராமானுஜர் பெயரால் எழுந்த அந்தத் தோட்டத்துக்கு, பிரம்மோற்சவம் முடிந்த மறுநாள் பெருமாள் வழக்கத்துக்கு மாறாக அப்பிரதட்சிணமாக எழுந்தருளுகிறார். பாக் சவாரி என்று அதற்குப் பெயர்.

மூலவருக்கு வேண்டிய பூ கொஞ்சநஞ்சமல்ல. கிரீடத்திலிருந்து இரு தோள் வழியே இறங்கும் சிகாமணி மாலை மட்டும் 8 முழம். சாளக்கிராம மாலை, கண்டசரம், சங்கு சக்கரங்களுக்கு, திருவடிக்கு என்று தனித்தனி மாலைகள். தொடுத்தவை யமுனாதுறை என்னும் பூ அறையில் காத்திருக்க, ஜீயர் சுவாமிகள் அங்கிருந்து கூடையில் எடுத்து வர, தோமாலை சேவை நடக்கிறது. வியாழக்கிழமை நகைகளைக் களைந்து பூவாலேயே அலங்கரிப்பது பூலங்கி சேவை.

இப்படித் தினமும் பூ கேட்கிற கோயிலுக்கு மல்லிகையை மட்டும் நம்பி நந்தவனம் போட முடியாது. பனிக்காலத்தில் மல்லிகை கைவிட்டுவிடும். மகிழும் செண்பகமும் மரமாகிப் பூக்க ஆண்டுகள் ஆகும். இலை உதிர்க்காமல், வருடத்தில் பெரும்பகுதி பூக்கிற புதர்ச்செடிகள்தான் நந்தவனத்தைத் தாங்குபவை. ஊர்க்கோயில் நந்தவனங்களில் அந்த இடம் அரளிக்கும் நந்தியாவட்டைக்கும் உரியது. நந்தியாவட்டை குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலிலேயே நந்தி என்ற பெயரில் இருக்கிறது. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சான ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ் நூலும் இதைப் படத்தோடு காட்டுகிறது.

வளர்ப்பது எளிது. பென்சில் தடிமனில், முற்றியும் முற்றாமலும் உள்ள கிளையைச் சாண் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். வெட்டுவாயில் பால் வடியும். அது காய்ந்தபின் மணல் கலந்த மண்ணில் ஊன்றி நிழலில் வைத்தால் ஓரிரு மாதத்தில் வேர் பிடிக்கும். அடுக்கு நந்தியாவட்டைக்கும் இதே வழிதான். பிறகு நல்ல வெயில் படும் இடத்துக்கு மாற்ற வேண்டும். நிழலிலும் செடி தழைக்கும், ஆனால் பூ குறையும். வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இளம் இலை நரம்பு பச்சையாக, நடுவே மஞ்சளாக வெளுத்தால் இரும்புச்சத்துக் குறை. மக்கிய தொழுவுரம் உதவும். பச்சை உடம்பில் நீலக் கண்போல் இரு புள்ளியுள்ள பெரிய புழு ஒன்று இலையை மொட்டையடிக்கும். அரளியையும் தின்கிற அதே புழு. கையால் பொறுக்கினாலே போதும். பூத்து ஓய்ந்ததும் நுனிகளைக் கவாத்து செய்தால் பக்கக் கிளைகள் வெடித்து அடுத்த பூப்புக்குச் செடி தயாராகும். மொட்டு இரவில் மலர்கிறது. விடியலில் பறித்த பூவே பூஜைக்கு நல்லது.

பல ஊர்க்கோயில்களில் நந்தவனம் என்ற இடம் இருக்கிறது, செடி இல்லை. பூ கடையிலிருந்து வருகிறது. உங்கள் ஊர்க் கோயிலும் அப்படியென்றால், ஐப்பசி மழைக்கு முன் கிணற்றடி ஓரமாக நாலு நந்தியாவட்டையை ஊன்றுங்கள். முதல் கோடையில் மட்டும் தண்ணீர் ஊற்ற ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிடுங்கள்.